கண்ணிவெடி தேடுபவனின் வலது கை

1

இந்தக் கதையின் முக்கியமான வாக்கியத்தை ஐந்து வாரத்துக்கு முன்பே எழுதிவிட்டேன். அது இப்போது ஒரு கிடங்கு அலுவலகத்தில், நீல அட்டைக் கோப்பில், மூன்றாவது தாளில் இருக்கிறது. பிடிக்காத வாக்கியத்தைக் கிழித்துப்போடும் சலுகை எழுதுகிற எல்லோருக்கும் உண்டு. அந்த ஒரு வாக்கியத்தைப் பொறுத்தவரை எனக்கு அது இல்லை.

"நான் வலது கையை உயர்த்தி, வண்டியை நிறுத்தும்படி சைகை காட்டினேன்."

இதில் வரும் 'நான்' நான் இல்லை. என் அக்காவின் கணவர். இந்தக் கதையில் அத்தான் என்றே வருவார். இருபது வருடமாக வேறு எப்படியும் அவரைக் கூப்பிட்டதில்லை. எழுதியது நான், கையெழுத்துப் போட்டது அவர். எழுதும்போது அது உண்மையா என்று நான் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பொம்மைச் சிப்பாய்களைப் பற்றி ஏதாவது எழுத வேண்டும் என்று பல வருடமாக ஆசை, அதனால் எழுதுகிறேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். அது பொய். அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "கொதிக்கும் தண்ணீரில் ஒரு சிப்பாய் தலைகுப்புற மிதந்துகொண்டிருந்தான்." இதைப் படித்தால் போர்க்கதை என்று நிமிர்ந்து உட்காருவீர்கள். அடுத்த வரியில் அது சமையலறை என்று தெரிந்ததும் என்மேல் கோபம் வரும். நியாயமான கோபம்.

இரண்டாவது: "மனிதன் என்பவன் உறைந்துபோன ஒரு—" முடிக்கவில்லை. முடித்திருந்தால் நீங்கள் இந்நேரம் வேறு பக்கத்துக்குப் போயிருப்பீர்கள்.

மூன்றாவது, அக்கா சொன்னது. நான் அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, 'வா' என்று சொல்வதற்குக்கூட முன்னால் சொன்னாள்:

"என் கெட்டில்ல ஒரு ஆள் வெந்துக்கிட்டிருக்கான். உங்கத்தானை வந்து எடுக்கச் சொல்லு, நான் டீ போடணும்."

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கடைகளில் பாலித்தீன் பையில் தொங்குமே, பச்சை நிறச் சிப்பாய்கள், விரல் நீளம்தான் இருப்பார்கள். ஒரு பையில் ஐம்பது பேர். ஆனால் நிற்கும் விதம் மொத்தம் ஒன்பதுதான். ஒருவன் குண்டு எறிவான், ஒருவன் மண்டியிட்டுச் சுடுவான், ஒருவன் படுத்துச் சுடுவான், ஒருவன் தொலைநோக்கியில் பார்ப்பான், இப்படி. ஐம்பது பேரும் இந்த ஒன்பதுக்குள் அடங்கிவிடுவார்கள்.

அத்தானுக்கு இது பொறுக்கவில்லை. கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை. நாள் முழுக்க ஒரே மாதிரியான பெட்டிகளைப் பார்க்கிற மனிதர். அந்த அலுப்பிலிருந்து வந்த பழக்கமாக இருக்கலாம். (இது என் ஊகம். அவரிடம் கேட்டால் தோளைக் குலுக்குவார்.) சிப்பாயை வெட்டுவார், வளைப்பார், ஒட்டுவார், வேறு ஆளாக்குவார். குண்டு எறிந்தவன் கொடியில் துணி காயப்போடுவான். படுத்துச் சுட்டவன் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடுவான். தொலைநோக்கிக்காரன் இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துத் தண்ணீர் குடிப்பான். அக்கா வீட்டு ஜன்னல் விளிம்பில் நூற்றிருபது பேர் இருக்கிறார்கள். ஒருவன் கையிலும் துப்பாக்கி இல்லை. வெட்டிய துப்பாக்கிகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன.

செய்முறையைச் சொல்லியாக வேண்டும், கதை அதில்தான் நிற்கிறது. கையைத் தூக்க வேண்டுமானால் தோளில் கத்தியால் வெட்டிப் பிரிக்க வேண்டும். வேண்டிய கோணத்தில் வைத்து, உள்ளே ஒரு குண்டூசித் துண்டைச் செருகி, இடைவெளியை, காய்ந்தால் இறுகிவிடும் பசைமாவால் அடைக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஆளை வெந்நீரில் போட்டு, இளகியதும் கையை வளைத்துப் பிடித்து, அப்படியே குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் நின்றுவிடும். ஒரே நிமிடம். அத்தானும் வெந்நீர் வைப்பார். முதுகு நிமிர்த்த, கால் அகட்ட. ஆனால் பிறகு ஊசி வைக்காமல் விடமாட்டார்.

"வெறும் வெந்நீரை நம்பாதே மச்சான். இந்தப் பிளாஸ்டிக்குக்கு ஞாபகம் ஜாஸ்தி. கொஞ்சம் சூடு பட்டாப் போதும், பழையபடி போய் நின்னுக்குவான்."

இதை என்னிடம் குறைந்தது நாற்பது தடவை சொல்லியிருப்பார். நாற்பது என்பது மிகையில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். ஒரு மாலை முழுக்க அவர் சிப்பாயோடும் நான் புத்தகத்தோடும் உட்கார்ந்திருப்போம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வாக்கியம் வரும். அது பெரும்பாலும் இந்த வாக்கியமாக இருக்கும்.

4

இனி விபத்து. விபத்தை எழுதும்போது நடை வேகமெடுக்கும், வேண்டாம் என்றாலும். நான் மெதுவாகவே சொல்கிறேன்.

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் என்கிற பளுதூக்கி வண்டியை ஓட்டுகிறவரை எல்லோரும் சுருட்டை என்று கூப்பிடுவார்கள், முடியை வைத்து. வண்டியின் முன்னால் பெட்டிகளை உயரமாக அடுக்கியிருந்தால் எதிரே எதுவும் தெரியாது. பின்பக்கமாகத்தான் ஓட்டிவர வேண்டும். குறுகலான இடைவழி. வழி முடியும் இடத்தில் ஒரு ஆள் நிற்பார். யாராவது குறுக்கே வந்தால் அவர் கையைத் தூக்க வேண்டும். கையைக் கண்டால் சுருட்டை நிறுத்துவார். அங்கே அவ்வளவுதான் ஏற்பாடு, வருடக்கணக்காக.

அன்றைக்கு அந்த ஆள் கழிப்பறைக்குப் போனார். பத்து நிமிடம் நில்லுங்கள் என்று அத்தானிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பத்து நிமிடத்தில் சுமை இறக்கும் தொழிலாளி ஒருவர் தள்ளுவண்டியோடு குறுக்கே வந்தார். சுருட்டையின் வண்டி நிற்கவில்லை. தொழிலாளியின் கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்தது.

சுருட்டை சொன்னது: கை எதுவும் தூக்கப்படவில்லை. அத்தானைக் கேட்டார்கள். தூக்கினேன் என்று எழுதிக் கொடுத்தார். அதாவது, நான் எழுதிக் கொடுத்தேன். அன்றோடு சுருட்டையை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணையில் குற்றம் உறுதியானால் அவருடைய ஓட்டுநர் சான்று ரத்தாகும். அதன்பிறகு எந்தக் கிடங்கிலும் எந்த வண்டியிலும் ஏற முடியாது. வேறு தொழில் தெரியாதவர். உறுதியாகாவிட்டால், இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த அத்தான் வெளியே போக வேண்டும். பிழை செய்ததற்கு மட்டுமில்லை, பொய் எழுதிக் கொடுத்ததற்கும். இரண்டில் ஒன்று. இடையில் மூன்றாவது வழி இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன். கதையில்கூடக் கிடைக்கவில்லை.

5

மற்றவர்கள் எழுதியதில் தேவையில்லாத சொற்களை எடுத்துவிடுவது என் தொழில். ஒரு பதிப்பகத்தில் பதினான்கு வருடமாக அதைத்தான் செய்கிறேன். ஆகவே அத்தான் ஒரு தாளோடு வந்து, "நீ எழுதுறவன், கொஞ்சம் நல்லா எழுதிக் குடு" என்றபோது எனக்கு அதில் தயக்கமே இல்லை.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எங்கே நின்றார், எத்தனை மணி, எந்தப் பக்கம் வெளிச்சம். அந்த இடம் வந்ததும் கொஞ்ச நேரம் நிறுத்தினார். அப்புறம் சொன்னார்:

"கையைத் தூக்கின மாதிரிதான் இருக்கு."

கையெழுத்துப் பிரதிகளில் இந்த 'மாதிரிதான் இருக்கு' எத்தனையோ தடவை வரும். எழுதுகிறவர்களுக்குத் துணிச்சல் போதாத இடங்களில் வரும். நான் அதைக் கண்டாலே அடிப்பேன். கை தானாகவே போகும். அன்றைக்கும் போனது. மீதியை நிமிர்த்தி, வலது என்ற சொல்லைச் சேர்த்தேன், காட்சி துல்லியமாக இருக்கட்டும் என்று.

வாசித்துக் காட்டினேன். அத்தான் ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குள் மௌனம் புதிதில்லை என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார்.

(இங்கே ஒரு குறிப்பு. அன்றைக்கு அக்கா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். 'இவர் பேன்ட் பாக்கெட்ல எப்பவும் ஒரு ஆள் குடியிருப்பான், தொவைக்கப் போட்டா பாதிப் பேர் மெஷின்ல சுத்திட்டு வர்றாங்க' என்று சிரித்தாள். விபத்து நடந்த அன்று போட்டிருந்த பேன்ட்டிலும் ஒருவன் இருந்தானாம், கூடவே பச்சைத் தூள். யாருக்கும் கேட்காத ஒரு வாக்கியம் போல அது போய்விட்டது. நானும் சிரித்தேன்.)

6

சுருட்டையை நம்புவதில் எனக்குச் சிக்கல் இருந்தது. மனிதரை இல்லை, கதாபாத்திரத்தை. முதல் பிரதியில் அவரைப் பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டுகிறவராக எழுதினேன். ஒரு கையால் போனைப் பார்ப்பார். எழுதும்போதே எதற்கு இப்படி எழுதுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அவர் கொஞ்சம் அலட்சியமானவராக இருந்துவிட்டால் அத்தான் தப்பிப்பார். அத்தான் தப்பித்தால் நானும் தப்பிப்பேன். அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டேன்.

எனக்குத் தெரிந்த சுருட்டை இவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய பிறந்தநாளுக்கு அத்தான் ஒரு சிப்பாயைச் செய்து கொடுத்தார். மண்டியிட்டுச் சுட்டவனை இருக்கையில் உட்கார வைத்து, துப்பாக்கியை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடிக்க வைத்திருந்தார். இடுப்பில், முழங்காலில், தோளில் எல்லாம் ஊசி. மூன்று மாலை ஆனது. சுருட்டை அவனைப் பளுதூக்கியின் முன்பலகையில் ஒட்டிவைத்திருந்தார். 'சின்னவன்தான் ஓட்டுறான், நான் சும்மா உக்காந்திருக்கேன்' என்று எல்லோரிடமும் சொல்வாராம்.

நிறுத்திவைக்கப்பட்ட அன்று அவனைப் பலகையிலிருந்து பெயர்த்து, வாசல் காவலாளியிடம் கொடுத்து, ஸ்டோர் கீப்பரிடம் சேர்த்துவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

7

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். யார் எங்கே நின்றீர்கள் என்று எல்லோரும் வரைந்து கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார். அத்தானுக்கு வரைய வராது. பொம்மை வைத்துக் காட்டுகிறேன் என்று சொன்னார். சரி என்றார்கள்.

ஒரு கறுப்புப் பலகை. தீப்பெட்டிகளால் இரண்டு வரிசை அடுக்குகள், நடுவே இடைவழி. மூன்று ஆட்கள். தள்ளுவண்டித் தொழிலாளி ஒருவன். அவனுக்கு இரண்டு தோளிலும் ஊசி. ஓட்டுநராக அந்தச் சின்னவனே, பொம்மை வண்டி ஒன்றில். மூன்றாவதாக, இடைவழியின் முடிவில், அத்தான். அதற்குக் கண்ணிவெடி தேடுபவனை எடுத்திருந்தார். பையில் இருக்கும் ஒன்பது விதத்தில் அவன் ஒருவன்தான் தலையைக் குனிந்து, இரண்டு கையையும் இறக்கி, நீளமான கோலைப் பிடித்துத் தரையைத் துழாவிக்கொண்டிருப்பான். கோலை வெட்டி எடுத்தாயிற்று. தலையை நிமிர்த்தி வலது கையைத் தூக்க வேண்டும். கையில் இருந்தது இரண்டே நாள். அவசரத்தில் அத்தான் ஊசி வைக்காமல் வெறும் வெந்நீரிலேயே கையைத் தூக்கிவிட்டார்.

பலகையைத் தூக்கிக்கொண்டு நான் கூடப் போனேன். விசாரணை அறையில் ஜன்னலோரம் ஒரு மேசை; அதில் வைக்கச் சொன்னார்கள். காலை வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. அதிகாரிக்கு ஏதோ தொலைபேசி. அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு பக்கம் சுருட்டை, ஒரு பக்கம் நாங்கள். எனக்குப் பிடித்த மௌனங்களின் பட்டியலில் அது சேராது.

அதிகாரி வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகையின்மேல் குனிந்தார். தள்ளுவண்டிக்காரனைப் பார்த்தார். ஓட்டுநரைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"இது யாரு? கீழே எதையோ பாத்துக்கிட்டு நிக்கிறாரே?"

அப்போதுதான் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தூக்கியிருந்த கை இடுப்புக்கு வந்திருந்தது. தலையும் கவிழ்ந்திருந்தது. மார்புக்குக் கீழே இரண்டு கையையும் சேர்த்து, விரல்களுக்கு நடுவில் எதையோ வைத்து நோண்டிக்கொண்டிருக்கும் ஒரு ஆள்.

"எதையோ தொலைச்சிட்டாரு போல மேடம்" என்றார் சுருட்டை. சிரிக்காமல்தான் சொன்னார்.

அதிகாரி கோப்பைத் திறந்து, மூன்றாவது தாளில், என் வாக்கியத்தைச் சத்தமாகப் படித்தார். என் வாக்கியம் ஒன்றை வேறொருவர் படித்து நான் கூசியது அதுதான் முதல் தடவை. பிறகு அத்தானைப் பார்த்தார்.

"பிளாஸ்டிக் மேடம்" என்றார் அத்தான். "சூட்டுக்கு இறங்கிடும்."

நேரமாகிவிட்டதால் அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்குத் தள்ளிவைத்தார்கள். போகும்போது அதிகாரி பலகையைக் காட்டி, சரிபண்ணிக் கொண்டுவாங்க என்றார்.

8

வீட்டுக்கு வரும் வழியில் அத்தான் கண்ணிவெடி தேடுபவனைப் பலகையிலிருந்து பிய்த்து என் கையில் வைத்தார். கூடவே ஒரு குண்டூசி.

"நீயே ஊசி வச்சிடு மச்சான். நீ எழுதினதுக்கு ஏத்த மாதிரி."

வீட்டுக்கு வந்து விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். கோலை வெட்டிய இடம் இரண்டு விதமாக இருந்தது. முக்கால்வாசி, அட்டைப்பெட்டி வெட்டும் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவியது. கிடங்கில் எல்லோர் பையிலும் இருக்குமே, அந்தக் கத்தி. மீதி, வீட்டில் இருக்கும் மெல்லிய கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டியது. பாதியில் நின்ற வேலை. துவைக்கப் போட்ட பேன்ட், பச்சைத் தூள், அக்காவின் சிரிப்பு எல்லாம் அப்போதுதான் வரிசைக்கு வந்தன.

அந்தப் பத்து நிமிடமும் அத்தான் எப்படி நின்றிருப்பார் என்று இப்போது எனக்குத் தெரியும். தலையைக் குனிந்து, இரண்டு கையையும் இறக்கி, விரல்களுக்கு நடுவில் இவனை வைத்துச் சீவிக்கொண்டு. கண்ணிவெடி தேடுபவன் மாதிரி இல்லை, அவனேதான்.

9

இந்த இடத்தில் முடிவு வர வேண்டும். கைவசம் இரண்டு இருக்கின்றன.

ஒன்று: கால் உடைந்த தொழிலாளி ஊன்றுகோலோடு அறைக்குள் வந்து, யார்மேலும் தப்பில்லை, நான்தான் பார்க்காமல் வந்தேன் என்கிறார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்த மனிதருக்கு இந்தக் கதையில் இதுவரை ஒரு வாக்கியம்கூடக் கொடுக்கவில்லை. முதல் வாக்கியமே எங்களைக் காப்பாற்றுவதாக இருக்க வேண்டுமா? இல்லை.

இரண்டு: சுருட்டை அத்தானின் தோளில் கையை வைத்து, விடுங்கண்ணே, எனக்குத் தெரியும் என்கிறார். இதை எழுதத் தொடங்கினேன். "சுருட்டையின் கண்களில் கோபம் இல்லை, அதற்குப் பதிலாக—" அங்கேயே நின்றுவிட்டது. கோபம் இருந்தது. நான் பார்த்தேன். அதை மன்னிப்பாக வளைக்க எனக்கு உரிமையில்லை.

மூன்றாவது ஒன்றும் வரவில்லை. ஆகவே முடிவில்லாத பிரதியை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். என்னடா எழுதியிருக்கே என்று அக்கா கேட்டாள். சிப்பாய்களைப் பத்தி என்றேன். போச்சுடா, இனி என் கெட்டில் ஊரெல்லாம் தெரிஞ்சுடும் என்று உள்ளே போனாள்.

அத்தானிடம் கொடுத்தேன். எட்டாவது பகுதிவரை எல்லாம் அதில் இருந்தது. நீங்கள் படித்த அதே சொற்களில். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, விரலை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்துப் படித்தார். இடையில் அக்கா டீ வைத்துவிட்டுப் போனாள். டீ ஆறியது. அவர் தாள்களைப் பின்னால் புரட்டி எதையோ மறுபடி படித்தார். என்மேல் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். தாளைக் கிழிப்பார் என்றும் காத்திருந்தேன்; அவருக்கு அந்தச் சலுகை உண்டு என்றே தோன்றியது.

அவர் சிப்பாய்களில் அளவு குறிக்கும் பென்சிலை எடுத்தார். ஒரே ஒரு சொல்லை அடித்தார். பிரதியை என்னிடம் நீட்டினார்.

"மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே" என்றார்.

ஏழாவது பகுதி. 'அவசரத்தில்' என்ற சொல். அதை அடித்திருந்தார்.

10

அந்தச் சொல் இல்லாமல் வாக்கியம் இப்படி நிற்கிறது: "அத்தான் ஊசி வைக்காமல் வெறும் வெந்நீரிலேயே கையைத் தூக்கிவிட்டார்." வெறும் வெந்நீரை நம்பாதே என்று நாற்பது தடவை சொன்ன மனிதர். அச்சில் அந்தச் சொல்லை நான் எடுக்கவில்லை. அவர் அடித்ததை நீங்களும் பார்க்க வேண்டும் என்று விட்டிருக்கிறேன். என் தொழிலில் இப்படிச் செய்வது இதுதான் முதல் தடவை.

நாளைக்கு வியாழக்கிழமை. இது என் மேசை. இடது பக்கம் வெள்ளைத் தாள் ஒன்று. கோப்பில் சேர்க்க இன்னொரு வாக்குமூலம் எழுதலாம், இடம் இருக்கிறது. வலது பக்கம் தண்ணீர் நிரப்பிய கெட்டில், இன்னும் சுவிட்சைப் போடவில்லை. நடுவில் அவன் நிற்கிறான். நேற்று அத்தான் அந்தச் சொல்லை அடித்த பிறகு ஒரு தடவை வெந்நீரில் முக்கி, கையை மேலே வளைத்துப் பிடித்துப் பார்த்தேன். நிற்கிறது, பெரிய மனிதன் போல. குண்டூசியைத் தாளின் இந்த ஓரத்தில், உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருக்கிறேன். தோளில் ஒரு குத்து, கொஞ்சம் பசைமாவு. அதன்பிறகு எந்த வெயிலும் அவனை ஒன்றும் செய்யாது.

வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கப்போவதில்லை.

வெயில் மேசையில் பாதிவரை வந்துவிட்டது. அவனை நான் நகர்த்தவில்லை.